பழைய லாரியை ஓட்டியவர்களுக்கு அது ஏன் மறக்கவில்லை? ஏற்காடு இறக்கமும் தொப்பூர் கணவாயும் சொல்லும் கணக்கு

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக சரக்கு வாகனங்களில் டிரைவர் கேபினுக்கு ஏசி இருந்தே ஆக வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. நல்ல விதி, பல வருடங்களுக்கு முன்பே வந்திருக்க வேண்டியது. ஆனால் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் சேலத்திலும் சங்ககிரியிலும் லாரி ஓட்டி ஓய்ந்த பெரியவர்கள் வேறு பக்கம் போய்விடுகிறார்கள். "ஏசி எல்லாம் சரிதாங்க, ஆனா வண்டின்னா அந்த 1210 தான், காமெட்டு தான்" என்கிறார்கள். டாடா 1210, அசோக் லேலண்ட் காமெட் என்ற பழைய லாரிகளைத்தான் சொல்கிறார்கள். எஞ்சின் சூட்டில் வெந்து, ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டி, மழை பெய்தால் நனைந்துகொண்டே ஓட்டிய வண்டி மீது இவ்வளவு பாசம் எப்படி என்று வீட்டுப் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை.

வழக்கமாக இதற்கு இரண்டு பதில் சொல்கிறார்கள். வயசான காலத்தில் எல்லாருக்கும் பழசு இனிக்கும் என்பது ஒன்று. அந்தக் காலத்து இரும்பு கெட்டி, இப்போது எல்லாம் தகரம் என்பது இன்னொன்று. இரண்டும் பாதிதான். பழைய லாரியில் டிரைவர் வெறுமனே ஓட்டுபவர் இல்லை, அந்த எந்திரத்தில் இல்லாத சில பாகங்களின் வேலையை அவரே செய்துகொண்டிருந்தார். பாசம் அங்கிருந்துதான் வருகிறது. இதைப் புரிந்துகொண்டால், தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் இருக்கும் தொப்பூர் கணவாயில் இன்றைக்கும் ஏன் லாரிகள் பிரேக் பிடிக்காமல் போகின்றன என்பதில் பாதிக்கு மேல் புரிந்துவிடும். அதனால்தான் இதை அடியிலிருந்து விளக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பழைய லாரி என்றால் எது

சென்னை எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் லேலண்டோடு சேர்ந்த பிறகு 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. காமெட், பீவர், ஹிப்போ, பிறகு டாரஸ் என்று வந்ததெல்லாம் இந்த வழி. இன்னொரு பக்கம் டாடாவின் டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) 1954-இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு கைகோர்த்தது, அந்த ஒப்பந்தம் 15 வருடம், 1969 வரை. அதனால்தான் அந்த வயதுக்காரர்கள் சிலர் டாடா லாரியை இன்னும் 'பென்ஸ் வண்டி' என்று சொல்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்தும் பென்ஸ் வழி வந்த எஞ்சின் டாடா வண்டிகளில் நீண்ட காலம் ஓடியது. இவை தவிர பெட்ஃபோர்டு, ஃபார்கோ, டாட்ஜ்.

1210 என்ற எண்ணுக்கு ஒரு கணக்கு உண்டு. முதல் இரண்டு இலக்கம் சரக்கோடு சேர்ந்த மொத்த எடை, 12 டன். அடுத்த இரண்டு இலக்கத்தைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ குதிரைசக்தி, அதாவது சுமார் 100. அதே கணக்கில் 1613 என்றால் 16 டன், 130 குதிரைசக்தி. இன்றைக்கு ஒரு நடுத்தரக் காரின் எஞ்சினே 100 குதிரைசக்தி தருகிறது. அதே சக்தியை வைத்துக்கொண்டு 12 டன்னை மலை ஏற்ற வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கம்பெனியிலிருந்து வருவது சேசிஸும் (எஞ்சினும் சக்கரமும் பூட்டிய அடிச்சட்டம்) முன் முகப்பும்தான். கேபினும் பாடியும் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பட்டறைகளில் மரச்சட்டமும் தகரமுமாகக் கட்டப்பட்டன. சீட் உயரம், ஜன்னல், பின்னால் படுக்கும் பலகை, சாமி படத்துக்கு மாடம், எல்லாம் ஓனர் சொல்கிறபடி, பல சமயம் டிரைவர் சொல்கிறபடி. ஒரே மாடல் இரண்டு வண்டி ஒரே மாதிரி இருக்காது.

அந்த வண்டிகள் பலவற்றில் இல்லாதவை:

1. பவர் ஸ்டியரிங். லேலண்ட் அதை 1960களின் கடைசியிலேயே கொண்டுவந்துவிட்டது என்றாலும், சாதாரண லோடு லாரி வரை இறங்கி வரப் பல வருடம் ஆனது.
2. கியரைத் தானே சமப்படுத்திக் கொடுக்கும் சின்க்ரோமெஷ்.
3. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளி சக்தியைக் கூட்டும் டர்போ.
4. இறக்கத்தில் வண்டியைப் பிடிக்க எக்ஸாஸ்ட் பிரேக்.
5. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ், சென்சார், கம்ப்யூட்டர். இவை எதுவும் கற்பனையில்கூட இல்லை.

கியர்: காதும் காலும் செய்த வேலை

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் பெரியவர்களின் பாசத்தில் பெரிய பங்கு கியர் பாக்ஸுக்குத்தான்.

கியர் பாக்ஸுக்குள் ஒரு பக்கம் எஞ்சினோடு சுற்றுகிறது, இன்னொரு பக்கம் பின் சக்கரத்தோடு சுற்றுகிறது. வேறு வேறு வேகத்தில் சுற்றும் இந்த இரண்டையும் ஒன்றோடு ஒன்று கோர்ப்பதுதான் கியர் போடுவது. இன்றைய பாக்ஸில் சின்க்ரோமெஷ் வளையம் லேசாக உரசி இரண்டு வேகத்தையும் சமப்படுத்திவிட்டுப் பிறகு கோர்க்கிறது, டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. பழைய பாக்ஸில் அந்த வளையம் இல்லை. சமப்படுத்தாமல் தள்ளினால் கரகரவென்று பல் தேயும் சத்தம் வரும், கியர் விழாது, ஓனர் பக்கத்தில் இருந்தால் திட்டும் விழும்.

அதற்குத்தான் டபுள் கிளட்ச். மேட்டில் நாலாவது கியரிலிருந்து தேர்டுக்கு (மூன்றாவதுக்கு) வர வேண்டுமானால்:

1. கிளட்சை மிதித்து லிவரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும்.
2. கிளட்சை விட வேண்டும். இப்போது எஞ்சினும் பாக்ஸின் முன்பக்கமும் சேர்ந்து சுற்றுகின்றன.
3. ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு. எவ்வளவு தட்டு என்பதுதான் தொழில்.
4. சத்தம் சரியான இடத்துக்கு ஏறியதும் மறுபடி கிளட்ச், லிவர் தேர்டுக்கு.

எவ்வளவு தட்டு என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தில் நாலாவது கியரில் திணறிக்கொண்டு போகிறது, எஞ்சின் நிமிடத்துக்கு 1,200 சுற்று. நாலாவது கியரின் விகிதம் 1.5, மூன்றாவதின் விகிதம் 2.5 என்று வைத்துக்கொண்டால், அதே 25 வேகத்தில் மூன்றாவது கியர் விழுவதற்கு எஞ்சின் 2,000 சுற்றில் இருக்க வேண்டும். அதாவது நியூட்ரலில் இருக்கும் அந்த நொடியில் காலால் 800 சுற்று ஏற்ற வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் சுற்று காட்டும் மீட்டர் கிடையாது, அல்லது இருந்தும் ஓடாது. காதுதான் மீட்டர்.

இதில் இன்னொரு சிக்கல். 15 அடிக்கு 1 அடி ஏறும் மேட்டில் நியூட்ரலில் விட்ட வண்டி நொடிக்கு ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் வேகத்தை இழக்கும். இரண்டு நொடி தயங்கினால் 25 என்பது 20 ஆகிவிடும், அப்போது தேவை 2,000 இல்லை, 1,600. மேடு, லோடு, கை எவ்வளவு வேகமாக நகர்கிறது, இது மூன்றையும் பொறுத்து இலக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். ஏற்காட்டுப் பாதையில் காபி எஸ்டேட்டுக்கு உர மூட்டை ஏற்றிப் போகிற டிரைவர் ஒரு கொண்டை ஊசி வளைவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார். அதுவும் 20 வளைவு.

கியர் தவறினால் மேட்டில் என்ன ஆகும்? வண்டி நிற்கும். கிளீனர் கட்டையோடு குதித்து பின் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பார். மறுபடி ஃபர்ஸ்ட் போட்டு இழுக்க வேண்டும். மானம் போகும், அவ்வளவுதான்.

இறக்கத்தில் தவறினால்? அதே 25-இல் நியூட்ரலில் மாட்டிக்கொண்ட வண்டி இப்போது வேகம் கூடுகிறது. ஏழெட்டு நொடியில் 40-ஐத் தொட்டுவிடும். 40-இல் மூன்றாவது கியர் விழ 3,200 சுற்று வேண்டும், அந்தக் கால எஞ்சின்கள் அவ்வளவு வேகம் சுற்றவே சுற்றாது. ஆக, கியர் இனி விழாது. மிச்சம் இருப்பது பிரேக் மட்டும். அதனால்தான் எந்த கியரில் ஏறுகிறாயோ அந்த கியரில் இறங்கு என்பதும், அந்த கியரை இறக்கம் தொடங்குவதற்கு முன்பே போட்டுவிடு என்பதும் கிளீனராகச் சேர்ந்த முதல் மாதமே காதில் ஏறிவிடும் பாடம்.

நன்றாக ஓட்டுபவர் கையில் இந்த கியர் எப்படி விழும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளங்கை லிவர் குமிழ் மேல் சும்மா கிடக்கும், பிடித்திருக்காது. எஞ்சின் சத்தம் ஏறும்போது குமிழின் அதிர்வு ஒரு இடத்தில் அடங்கும். அந்த இடத்தில் இரண்டு விரலால் தள்ளினாலே டக்கென்று உட்கார்ந்துவிடும். சத்தம் கிடையாது, குலுக்கல் கிடையாது. 12 டன் வண்டியில் இப்படி ஒரு கியர் விழுந்தால் உடம்பில் ஒரு நிறைவு வரும், அது மறக்கக்கூடியது இல்லை. சின்க்ரோமெஷ் வண்டியில் எல்லா கியரும் அப்படித்தான் விழும், அதனால் எதுவும் நினைவில் நிற்காது.

ஸ்டியரிங்

மொத்தம் 12 டன் என்றால் முன் அச்சு மேல் மட்டும் 4 டன் அளவுக்கு உட்கார்ந்திருக்கும். பவர் இல்லாமல் அதைத் திருப்ப வேண்டுமானால் இரண்டே வழி, வீலைப் பெரிதாக்குவது, ஸ்டியரிங் பாக்ஸில் விகிதத்தைக் கூட்டுவது. இரண்டும் செய்தார்கள். விளைவு, ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு வீலைக் கை மாற்றிக் கை மாற்றிப் பல சுற்று சுற்ற வேண்டும், வளைவு முடிந்ததும் அத்தனையையும் திரும்ப விட வேண்டும். நின்ற இடத்தில் ஒடிக்க முடியாது. வண்டி லேசாக உருளும்போதுதான் ஒடிக்கணும் என்பதை உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளும்.

ஆனால் இதில் ஒரு லாபம் இருந்தது. சாலைக்கும் கைக்கும் நடுவில் ஆயில் பம்ப் எதுவும் இல்லை என்பதால் சக்கரத்தில் நடப்பது கைக்கு வந்துவிடும். முன் டயரில் காற்று குறைந்தால் ஒரு பக்கம் இழுக்கும். மழையில் சாலை வழுக்கினால் வீல் திடீரென்று லேசாகும். லோடு முன்னால் அதிகம் ஏற்றியிருந்தால் முதல் வளைவிலேயே தோள்பட்டை சொல்லிவிடும். பவர் ஸ்டியரிங் இந்தச் செய்திகளில் பெரும்பகுதியை வடிகட்டிவிடுகிறது. வலியையும் சேர்த்துத்தான் வடிகட்டுகிறது, அதனால் அது வந்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

ஏற்காட்டிலிருந்து இறங்கினால் எவ்வளவு சூடு

சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். காபி மூட்டையோ, சில்வர் ஓக் மரமோ, மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போன பாக்சைட்டோ, எதை ஏற்றினாலும் 12 டன் வண்டி அந்த உயரத்திலிருந்து அடிவாரத்துக்கு வரும்போது வெளியாகும் ஆற்றல் 140 மெகாஜூல். மின்சாரக் கணக்கில் 39 யூனிட். ஒரு மணி நேரத்தில் இறங்கினால், வீட்டுக் குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் கீசர் 20-ஐ ஒரு மணி நேரம் முழுக்கப் போட்டு வைத்த சூடு.

இந்தச் சூடு எங்காவது போயாக வேண்டும். போகும் இடம் இரண்டுதான்.

ஒன்று, எஞ்சின். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. எஞ்சின் காற்றை அழுத்தி, உரசி, அந்த ஆற்றலைத் தின்கிறது. ரேடியேட்டரும் சைலன்ஸரும் சூட்டை வெளியே தள்ளும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இது தாங்கும். எக்ஸாஸ்ட் பிரேக் என்பது புகை வெளியேறும் குழாயில் ஒரு தட்டை மூடி எஞ்சினை இன்னும் கஷ்டப்பட்டுச் சுற்ற வைப்பது, அவ்வளவுதான்.

இரண்டு, பிரேக் ட்ரம். சக்கரத்தோடு சுற்றும் இரும்பு உருளை அது, பிரேக்கை மிதித்தால் உள்ளே இருக்கும் ஷூ விரிந்து, அதில் ஒட்டிய லைனிங் ட்ரம்மில் உரசிப் பிடிக்கும். இது நிறுத்துவதற்குச் செய்தது, மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டு இறங்குவதற்கு இல்லை. ட்ரம் சூடானால் இரும்பு விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங் பிடிப்பை இழக்கும். ஆயில் பிரேக் வண்டியாக இருந்தால் சூடு உள்ளே ஏறி பிரேக் ஆயிலே கொதித்து ஆவியாகிவிடும், பெடல் பலகை வரைக்கும் போய் ஒட்டிக்கொள்ளும். ஏர் பிரேக் வண்டியில் அடிக்கடி மிதித்தால் கம்ப்ரஸர் நிரப்புவதைவிட வேகமாகக் காற்று தீரும். ஏர் ஏறட்டும் என்று வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, மீட்டர் முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரங்கள் ஒவ்வொரு பழைய டிரைவர் வாழ்க்கையிலும் உண்டு.

அந்தக் காலத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் கூட இல்லாமல் எப்படி இறங்கினார்கள் என்றால், முதல் இடமான எஞ்சினையே நம்பி இறங்கினார்கள். செகண்டில் போட்டு, எஞ்சின் ஊளையிட ஊளையிட, நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் மேலே. லைனிங் கருகும் வாசம் மூக்கில் ஏறினால் நிறுத்தம். சூடான ட்ரம்மில் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விடும் என்பதால் ஊற்றாமல் ஆறவிட வேண்டும், டீ குடிக்க அதுதான் நேரம். இறங்குகிற வண்டி, ஏறுகிற வண்டிக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது சட்டம். மேட்டில் நின்றுவிட்ட லோடு வண்டியை மறுபடி கிளப்புவது என்ன பாடு என்று தெரிந்தவர்கள் சட்டத்துக்கு முன்பே அதைச் செய்தார்கள்.

தொப்பூரில் என்ன நடக்கிறது

இப்போது இன்றைக்கு வருவோம். பெங்களூர் பக்கமிருந்து தருமபுரி தாண்டி சேலத்துக்கு வரும் நெடுஞ்சாலையில், முன்பு என்.எச். 7 என்றும் இப்போது 44 என்றும் சொல்கிற அதே சாலையில், தொப்பூர் இறக்கம். அங்கே நடக்கும் விபத்துச் செய்திகளில் ஒரு வரி மாறாமல் வரும், 'பிரேக் பிடிக்காமல் கட்டுப்பாட்டை இழந்த லாரி'. ஏற்காட்டோடு ஒப்பிட்டால் தொப்பூர் பெரிய மலையே இல்லை. கொண்டை ஊசி வளைவு கிடையாது, அகலமான சாலை. ஆபத்தே அதுதான். இறக்கம் இறக்கமாகத் தெரிவதில்லை.

ஏன் பிரேக் பிடிப்பதில்லை?

1. நியூட்ரல். டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு உருட்டுவது. மேலே சொன்ன கணக்குப்படி எஞ்சின் வழியாகப் போக வேண்டிய சூடு அத்தனையும் அப்போது ட்ரம்முக்குப் போகிறது.

2. அதில் டீசல் மிச்சமும் ஆகாது. கியரில் இருந்து ஆக்ஸிலேட்டரில் கால் எடுத்தால், இன்றைய எஞ்சினில் கம்ப்யூட்டர் டீசலை முழுசாக நிறுத்திவிடும், சக்கரமே எஞ்சினைச் சுற்றிக்கொள்ளும். பழைய டீசல் பம்பிலும், எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இதையேதான் செய்தது. நியூட்ரலில்தான் எஞ்சின் தன்னைச் சுற்றிக்கொள்ள டீசல் கேட்கிறது. மேடும் பள்ளமுமாக லேசான சாலையில் உருட்டினால் கொஞ்சம் மிச்சம் தெரியலாம். பிரேக் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தில் ஒரு சொட்டுகூடத் தேறாது.

3. எஞ்சினையே நிறுத்துவது. இது பழைய காலத்திலிருந்து வந்த கெட்ட பழக்கம், இதைச் சொல்லாமல் பழைய டிரைவர்களைப் புகழ்வது நியாயமாகாது. அந்த வண்டிகளில் பவர் ஸ்டியரிங் இல்லாததால் எஞ்சினை நிறுத்தினாலும் ஸ்டியரிங் எப்போதும் போல் இருக்கும். அதனால் சிலர் தப்பித்துக்கொண்டே இருந்தார்கள், பழக்கம் கிளீனர்களுக்கும் தொற்றியது. இன்றைய வண்டியில் எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், கம்ப்ரஸரும் நின்றுவிடும், டேங்கில் இருக்கும் காற்று எத்தனை மிதிக்கு வருமோ அத்தனைதான்.

4. எடை. 2018 ஜூலையில் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்ந்தது. பழைய 1210 ஓட்டியவரின் கணக்கைவிட ஒன்றரை மடங்கு. இதற்கு மேல் ஓவர்லோடு. இறக்கத்தில் வெளியாகும் சூடு எடைக்கு நேர் விகிதத்தில் கூடும்.

5. கேபின் அமைதி. ஆபத்தானது என்று நான் நினைப்பது இதைத்தான். 1210-இல் 60-ஐத் தாண்டினாலே தகரமும் மரமும் ஜன்னல் கண்ணாடியும் சேர்ந்து கத்தும். வேகத்தை மீட்டரில் பார்க்க வேண்டியதில்லை. இன்றைய கேபினில் 60-க்கும் 80-க்கும் காதில் பெரிய வித்தியாசமில்லை. ஜன்னல் மூடி ஏசி போட்டிருந்தால் லைனிங் கருகும் வாசமும் உள்ளே வராது. பழைய வண்டி இலவசமாகக் கொடுத்த எச்சரிக்கைகள் இங்கே இல்லை, அந்த இடத்தில் டிரைவருக்கு வேறு பயிற்சி கொடுத்திருக்க வேண்டும், நாம் கொடுக்கவில்லை. ஹெவி லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு வருகிறவருக்கு சமதளத்தில் வண்டியை ஓட்டிக் காட்டத் தெரிந்தால் போதும் என்ற நிலை பல இடங்களில் இருக்கிறது. லோடோடு ஒரு முறைகூட மலை இறங்காமல் ஒருவர் கனரக டிரைவர் ஆகலாம் என்பது சின்ன விஷயம் இல்லை.

தொப்பூரில் உயர்மட்டச் சாலை வரட்டும், தேவைதான். ஆனால் அதற்காக ஓசூரிலிருந்து கன்னியாகுமரி வரை இருக்கும் ஒவ்வொரு இறக்கத்தையும் பாலமாக்க முடியாது.

ரிப்பேரும் ஒரு பாசம்

பழைய டீசல் எஞ்சின் ஓட கரண்ட் வேண்டாம். செல்ஃப் அடிக்க மட்டும்தான் பேட்டரி. ஓட ஆரம்பித்துவிட்டால் பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் ஓடும். நிறுத்துவதற்கு சாவி கிடையாது, டேஷ் போர்டில் ஒரு குமிழை இழுத்துப் பிடிக்க வேண்டும், அது டீசலை அடைக்கும். பேட்டரி வீக் என்று தெரிந்தால் ராத்திரி வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்துவார்கள், காலையில் உருட்டி கியரில் போட்டால் கிளம்பிவிடும்.

டீசல் லைனில் காற்று புகுந்து நின்றால், பம்பில் ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தி, பிரைமர் என்ற சின்னக் கை பம்பை அடித்து, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை விட்டு, மறுபடி முடுக்கினால் சரி. கமான் பட்டை (அச்சின் மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை) உடைந்தால் பக்கத்து ஊர் வரை கட்டி ஓட்டலாம். நடு ராத்திரி ஓமலூர் தாண்டி வண்டி நின்றால் டிரைவருக்கும் கிளீனருக்கும் செய்வதற்கு ஏதாவது இருந்தது.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு எஞ்சினோடு புகையைச் சுத்தம் செய்யும் ஏற்பாடும், அதற்கு யூரியாக் கரைசலும், அதைக் கண்காணிக்கும் சென்சார்களும் சேர்ந்துவிட்டன. ஒரு சென்சார் தவறினால் கம்ப்யூட்டர் எஞ்சினின் சக்தியைக் குறைத்துவிடும். டிரைவர் செய்யக்கூடியது போன் அடிப்பது மட்டும். காற்று சுத்தமாவது பெரிய விஷயம், லாரி புகையை முதலில் குடிப்பவரே அதன் டிரைவர்தான். ஆனாலும் தன் வண்டியைத் தானே சரிசெய்ய முடிந்த ஒரு தொழிலாளிக்கு அந்த அதிகாரம் கையைவிட்டுப் போயிருக்கிறது. "அப்போ வண்டி நம்ம கையில இருந்துச்சு" என்று பெரியவர்கள் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

இந்தப் பக்கத்து லாரித் தொழிலின் அமைப்பும் இதில் சேரும். கிளீனராக ஏறி, டிரைவராகி, ஃபைனான்ஸ் போட்டு ஒரு வண்டி வாங்கி ஓனர் ஆனவர்கள் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஏராளம். வண்டியின் நெற்றியில் பிள்ளைகள் பெயர். தவணை முடிந்த அன்றைக்கு மாலை. ஒருவரே ஒரே வண்டியைப் பல வருடம் ஓட்டியதால் அதன் ஒவ்வொரு சத்தமும் அத்துப்படி. இன்றைக்குப் பெரிய கம்பெனி வண்டிகளில் இந்த டிரிப்புக்கு இந்த வண்டி, அடுத்த டிரிப்புக்கு வேறு வண்டி என்று ஆள் மாறுகிறார்கள். அப்படி ஓட்டுபவருக்கு 30 வருடம் கழித்து எந்த வண்டி மேல் ஏக்கம் வரும் என்று தெரியவில்லை.

உடம்பு கொடுத்த விலை

பாசத்தைப் பேசிவிட்டு இதை விட்டுவிடக் கூடாது. அரை மூக்கு வண்டியானாலும் தட்டை முகப்பு வண்டியானாலும் எஞ்சின் டிரைவரின் காலோடு ஒட்டித்தான் இருந்தது. சித்திரை வெயிலில் கால் வெந்துபோகும். எந்நேரமும் இரைச்சல், அதனால் பலருக்கு காது மந்தம். ஸ்டியரிங்கும் கமான் பட்டைக் குலுக்கலும் சேர்ந்து தோள், முதுகு, மூட்டு. ஐம்பது வயதில் வண்டியை விட்டு இறங்கியவர்கள் அதிகம், விருப்பப்பட்டு இறங்கியவர்கள் குறைவு. சூட்டில் வெந்த உடம்பு ராத்திரி கண் அசரும், அந்தக் கண் அசரலில் போன உயிர்களுக்குக் கணக்கில்லை. ஆகவே ஏசி கேபினை 'டிரைவருக்கு எதுக்கு சொகுசு' என்று யாராவது கேட்டால் அது அறியாமை. பழைய டிரைவர்களின் பாசத்தை அதற்குச் சாட்சியாக இழுப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

புது வண்டிக்கு எதை எடுத்துக்கொள்ளலாம்

டபுள் கிளட்சை இன்றைய டிரைவர் கற்க வேண்டியதில்லை. பவர் ஸ்டியரிங்கைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் மலை இறங்கும் கணக்கில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, எடை கூடியதுதான் மாற்றம். பெரியவர்களிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியவை இவை:

1. இறக்கம் தொடங்கும் முன்பே கியர். தொப்பூர் என்றால் கணவாய்க்கு முந்தைய சமதளத்திலேயே வேகத்தைக் குறைத்து கியர் இறக்கிவிட வேண்டும். இறங்கத் தொடங்கிய பிறகு தேடினால் தாமதம்.
2. எக்ஸாஸ்ட் பிரேக் ஸ்விட்ச் இருக்கிறதே என்று டாப் கியரில் அதைப் போட்டால் பிடிக்காது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் அதற்கு வேலை. கீழ் கியரும் அதுவும் சேர்ந்தால்தான் பலன்.
3. காலை பிரேக் மேல் வைத்துக்கொண்டே வராமல், வேகம் கூடும்போது ஒரு முறை அழுத்திப் பிடித்துக் குறைத்துவிட்டு முழுசாக விட வேண்டும். ட்ரம் ஆற நேரம் கிடைக்கும்.
4. மேலே ஒரு முறை நிறுத்தி, இறங்கி, சுற்றி வர வேண்டும். ஏர் மீட்டர், டயர், லோடு கட்டு, எங்காவது காற்று கசிகிறதா என்று ஒரு காது. ஏசி கேபினில் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு இறங்கினால் வாசமும் சத்தமும் உள்ளே வரும்.
5. ஓனர்களுக்கு: மைலேஜ் குறைந்தால் பேட்டாவில் (டிரைவரின் படிப்பணத்தில்) பிடித்தம் என்ற வழக்கம் இருக்கும்வரை நியூட்ரல் போகாது. டிரைவர் தன் காசுக்காகத்தான் கியரை எடுக்கிறார். கணவாய் வரும் ரூட்டுகளுக்கு மைலேஜ் கணக்கைத் தனியாக வைப்பது ஒன்றும் கஷ்டம் இல்லை.

டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர்களும் அரசும் சேர்ந்தால் இதில் இன்னொன்றும் செய்யலாம். ஏற்காட்டு அடிவாரம் சேலம் டவுனிலிருந்து கூப்பிடு தூரம். மணல் மூட்டை ஏற்றிய ஒரு லாரி, பக்கத்து சீட்டில் இதே பாதையில் காலமெல்லாம் ஏறி இறங்கிய ஒரு பெரியவர், கூட்டம் இல்லாத வார நாள் காலை. ஹெவி லைசென்ஸுக்கு முன்னால் இப்படி ஒரு இறக்கம் கட்டாயம் என்று வைத்தால், வண்டி ஓட்ட உடம்பு ஒத்துழைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நிறையப் பேருக்கு வேலையும் கிடைக்கும், அவர்கள் கையில் இருக்கும் கணக்கு அடுத்த ஆளுக்கும் போகும். அவர்களில் மூத்தவர்களுக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது, அதனால் செய்வதானால் இந்த சில வருடங்களுக்குள் செய்ய வேண்டும்.